டாட்டூவை மறைக்க அலர்ஜி என்றேன், அம்மா ஆடித்தபசுக்கு நேர்ந்துகொண்டாள்

வாழைத்தார் எழுதியது:

ஊர் களக்காடு பக்கம், வயது 21, கோயம்புத்தூரில் சி.என்.சி. மெஷினில் வேலை. வெறும் டாட்டூ மட்டும்தான் பிரச்சினை என்றால் இங்கே வந்திருக்க மாட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி உத்திரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் ரூம் பையன்களோடு போய் வலது கையில் குத்திக்கொண்டேன். ஒரு இறகு, அதன் நுனி பிரிந்து குருவிகளாகப் பறந்து போகும், எல்லாக் கடை ஆல்பத்திலும் இருக்குமே, அதுதான். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரம்பித்து, கையின் வெளிப்பக்கமாக முழங்கை வரைக்கும் போகிறது. கறுப்பு, நடுநடுவே பச்சை. போட்ட அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆற ஆற கோடெல்லாம் தடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, இப்போது இறகு எது குருவி எது என்று எனக்கே தெரியவில்லை. கீரை உருவிப் போட்ட முருங்கைக் காம்பு மாதிரி இருக்கிறது என்று ரூமில் ஒருத்தன் சொன்னான், அதற்கப்புறம் எனக்கும் அப்படியேதான் தெரிகிறது.

ஆறுவதற்குள் உத்திரம் வந்துவிட்டது. நம்ம பக்கம் உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்கு வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். முழுக்கைச் சட்டையோடு வந்து இறங்கினேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சட்டையை ஏற்றிவிட்டேன் போல, பின்னால் அம்மா நின்றிருக்கிறாள். அந்தச் சமயம் டாட்டூ உரிந்துகொண்டிருந்தது, கறுப்பாகச் செதில் செதிலாக, சுற்றிலும் சிவந்து. "என்னலே இது, கரப்பானா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். கம்பெனியில் மெஷினுக்கு ஊற்றுகிற கூலன்ட் ஆயில் பட்டு அலர்ஜி, டாக்டர் துணி சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார் என்று வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். கூலன்ட் பட்டு நிஜமாகவே சிலருக்கு அரிப்பு வரும், எங்கள் ஷிஃப்டிலேயே ஒரு அண்ணனுக்கு இருக்கிறது, அதனால் பொய் சுலபமாக வந்துவிட்டது.

அன்றைக்கே குப்பைமேனி பறித்து உப்பும் மஞ்சளும் வைத்து அம்மியில் அரைத்தாள். நானே போட்டுக்கொள்கிறேன் என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கழுவி ஊற்றினேன். அப்புறம் கத்திரிக்காய் நின்றது, கருவாடு நின்றது, இறால் நின்றது. நான் இருப்பது கோயம்புத்தூரில், வீட்டில் ஏன் நிறுத்த வேண்டும்? கேட்டால், "பிள்ளை திங்காம இருக்கும்போது நமக்கு என்ன வேண்டிக்கிடக்கு" என்கிறாளாம். அப்பா கருவாடு இல்லாமல் ஆளே ஒரு மாதிரி ஆகிவிட்டார். சங்கரன்கோவில் போய் கோமதி அம்மன் புற்றுமண் வாங்கி, ஊர்க்காரப் பையன் ஒருத்தனிடம் கொடுத்தனுப்பினாள். மெடிக்கலில் சொல்லி ஒரு ட்யூபும் வந்தது, போன மாதம் ஊருக்குப் போனபோது பக்கத்திலேயே நின்றதால் அதைத் தடவ வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் போனில்தான் சொன்னாள், ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவிலில் கோவிலை 101 சுற்று சுற்றுவதாக நேர்ந்திருக்கிறாளாம். முட்டி தேய்ந்துபோய் மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும் அவளுக்கு. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா வேறொரு பக்கம். "கையைக் கெடுக்கிற கம்பெனி நமக்கு வேண்டாம், வந்து எஸ்.எஸ்.சி. ஜி.டி. எழுது, பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடலாம்" என்கிறார். ஜி.டி. என்றால் மத்தியப் படைகளுக்குக் கான்ஸ்டபிள் எடுக்கிற தேர்வு. அப்பா அதோடு நிற்கவில்லை, சூப்பர்வைசர் நம்பரைக் கொடு, நான் கேட்கிறேன் என்று விடாமல் நச்சரிக்கிறார்.

வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அத்தான், அக்காவின் கணவர். அவர் ஒரு யோசனை சொல்கிறார்: ரகசியமாக லேசர் வைத்து அழித்துவிடு, தபசு முடிந்ததும் அம்மன் குணமாக்கிவிட்டாள் என்று சொல்லிவிடு, அத்தை சந்தோஷமாக இருப்பாள், யாருக்கும் நஷ்டமில்லை. கேட்ட அன்றைக்கு எனக்கு அதுவே சரி என்றுதான் பட்டது. இப்போது வயிற்றைக் கலக்குகிறது. தபசுக்குள் லேசரில் போகுமா? ஜி.டி.க்கு இதனால் தடை வருமா? சொல்வதென்றால் யாரிடம் முதலில் சொல்ல?

ஜங்ஷன் சிங்கம்:

அத்தானுக்கு ஒரு கோவில் கட்டு டே. என்ன மூளை!

சீரியஸாகச் சொன்னால், இதை இவ்வளவு பெரிதாக்காதே. எனக்கு முதுகில் ஒன்று, தோளில் ஒன்று இருக்கிறது, வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது, தாமிரபரணியில் குளிக்கப் போனால் பனியனோடு இறங்குவேன், சளி பிடிக்கும் என்று சொல்லிக்கொள்வேன். இப்படியே வண்டி ஓடுகிறது. வீட்டில் எல்லாவற்றையும் சொல்லித்தான் தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போன வாரம் ரத்தம் கொடுக்கப் போனேன், அங்கேகூட டாட்டூவைப் பற்றிக் கேட்ட இடத்தில் இல்லை என்று டிக் அடித்துவிட்டு வந்தேன், என்ன ஆகிவிட்டது?

மஞ்சணத்தி:

முதலில் லேசருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அழித்துக்கொண்டிருக்கிற ஆள், பாளையங்கோட்டை. தபசுக்குள் போகாது. அடுத்த தபசுக்குள் போனாலே பெரிய விஷயம்.

ஏன் என்றால், மை இருப்பது மேல்தோலில் இல்லை. மேல்தோல் உரிந்து உரிந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும், மை அதற்குக் கீழே இருக்கிற அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். லேசர் செய்வது அந்த மைத் துகளைப் பொடியாக்குவது மட்டும்தான். பொடியை அள்ளிக்கொண்டு போவது உடம்பு, அது மெதுவாகத்தான் செய்யும். அதனால் ஒரு தடவை அடித்தால் அடுத்ததற்கு ஆறிலிருந்து எட்டு வாரமாவது விடுவார்கள். இப்படிப் பல தடவை போக வேண்டும். அவசரப்பட்டு நெருக்கி அடிக்கச் சொன்னால் மை போகாது, தோல்தான் போகும்.

எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், யாரும் இதைச் சொல்வதில்லை. மரத்துப்போகிற க்ரீமை அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ரொம்ப நேரம் உட்கார வைப்பார்கள். அப்புறம் கண்ணுக்குக் கவசம். அடிக்க ஆரம்பித்ததும் பட் பட் என்று சத்தம், க்ரீமையும் தாண்டிச் சுருக் சுருக் என்று இறங்கும், அடித்த கோடு அந்த நொடியே சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகப் பூத்துவிடும். எனக்கு முதல் தடவை, அட, போய்விட்டதே என்று அத்தனை சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை அடங்கி, கறுப்பு அங்கேயேதான் இருக்கிறது, சுற்றிலும் வீங்கிச் சிவந்து கிடக்கிறது. மறுநாள் கொப்புளம். உடைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது, அதுவும் திருநெல்வேலி வெயில்.

நம் நிறத்துக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. லேசருக்கு மையும் ஒன்றுதான், தோலில் இருக்கிற இயற்கைக் கறுப்பும் ஒன்றுதான், இரண்டையும் தாக்கும். அதனால்தான் நம் தோலுக்குக் கறுப்பு மை என்றால் க்யூ ஸ்விட்ச்டு என்.டி. யாக் லேசரில் 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்து அடிப்பார்கள், அது ஆழமாகப் போகும், மேல்தோலை அவ்வளவாகத் தொடாது. அப்படியும் சிலருக்கு அந்த இடம் வெளுத்துப்போகும், சிலருக்கு இன்னும் கறுத்துப்போகும். உன்னுடையதில் பச்சை இருக்கிறது என்கிறாய். பச்சைக்கு அந்த 1064 சரியாகக் கேட்காது, 755 அலெக்ஸாண்ட்ரைட், 694 ரூபி என்று வேறு வகை வேண்டும், அவை நம் நிறத்தில் ரொம்பக் கவனமாக அடிக்க வேண்டியவை. கறுப்பு முழுக்கப் போய்ப் பச்சை மட்டும் நிற்கிற கைகளை நான் பார்த்திருக்கிறேன். இதை எல்லாம் முடி எடுக்கிற மெஷின் வைத்திருக்கிற பார்லரில் போய்ச் செய்துகொள்ளாதே, அது வேறு மெஷின், டாட்டூ மேல் அடித்தால் புண்தான் மிச்சம். ஆன்லைனில் வருகிற ஆசிட் க்ரீமும் அப்படியே. தோல் டாக்டரிடம் போ. பணம் பற்றியும் தெரிந்துகொள், அளவைப் பார்த்து ஒவ்வொரு தடவைக்கும் வாங்குவார்கள், உன்னுடையது சின்னது இல்லை.

மெடிக்கலில் சொல்லி வாங்கின ட்யூபை இனிமேல் தடவாதே. அந்த மாதிரிக் கேட்டு வாங்குகிறவற்றில் நிறைய ஸ்டீராய்டு கலந்த கலவைதான், நோயே இல்லாத கையில் தடவினால் தோல் மெலிந்துபோகும், நிறம் மாறும், அப்புறம் லேசரும் கஷ்டம். பார், உன் பொய் உன் கைக்கே மருந்து போட ஆரம்பித்துவிட்டது.

அத்தான் யோசனை பற்றி ஒன்றும் சொல்ல விரும்பவில்லை, பின்னால் யாராவது சொல்வார்கள்.

பழைய பூட்ஸ்:

வள்ளியூர் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ், இப்போது காலையில் கிரவுண்டில் பையன்களை ஓட விடுகிற வேலை. ஜி.டி. கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், குடும்ப விஷயத்துக்கு இங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள்.

தம்பி, உன் டாட்டூ இருக்கிற இடம் சரியில்லை. மத்திய ஆயுதப் படைகளுக்கு மருத்துவ விதியில் டாட்டூவுக்குத் தனியாகவே எழுதியிருக்கிறது. முன்கையின் உள்பக்கத்தில் இருக்கலாம், அதுவும் இடது கையில் மட்டும், ஏனென்றால் வலது கை சல்யூட் அடிக்கிற கை. இல்லாவிட்டால் புறங்கையில் இருக்கலாம். அளவு அந்தப் பகுதியில் கால்பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். என்ன குத்தியிருக்கிறாய் என்பதையும் பார்ப்பார்கள், பெயர், சாமி உருவம் போன்றவற்றுக்குத்தான் இடம். உன்னுடையது வலது கை, வெளிப்பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. எந்தப் பக்கம் திருப்பினாலும் உதைக்கிறது. ராணுவத்துக்குப் போகலாம் என்று நினைத்தால் அங்கேயும் முன்கையின் உள்பக்கமும் புறங்கையும்தான், வெளிப்பக்கம் ஆகாது. பழங்குடியினர் வழக்கப்படி குத்தியிருந்தால் அதைத் தனியாகப் பரிசீலிப்பார்கள், அது நமக்குப் பொருந்தாது.

இதில் வேதனை என்னவென்றால் எழுத்துத் தேர்வு எழுதி, ஓடி, நெஞ்சளவு எல்லாம் கொடுத்து, கடைசியில்தான் மெடிக்கல் வரும். என் கிரவுண்டில் ஓடின பையன் ஒருத்தன், நல்ல ஓட்டக்காரன், தோளில் ஒரு சிங்கத்தைக் குத்தி வைத்திருந்தான், என்னிடமே மறைத்திருக்கிறான், பனியனைக் கழற்றி ஓடச் சொன்னால் மாட்டேன் என்பான், நானும் வெட்கம் என்று விட்டுவிட்டேன். மெடிக்கலில் பனியனோடு நிற்க முடியுமா? மறு மெடிக்கலுக்கு அப்பீல் பண்ணினான், சிங்கம் அங்கேயும்தானே இருக்கும். அவன் அப்பா அம்மா அவன் பாஸ் ஆகிவிட்டான் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்கள்.

பாதி அழிந்த டாட்டூவும் கண்ணுக்குத் தெரிந்தால் டாட்டூதான். அதற்கு மேல் பெரிய டாட்டூ போட்டு மறைக்கலாம் என்று கடைக்காரன் சொன்னால் கேட்டுவிடாதே. அறிவிப்பு வரும்போது அந்த வருஷத்து மருத்துவ விதியை நீயே எடுத்துப் படி, பயிற்சி மையத்தில் வாயால் சொல்வதை நம்பாதே. ஜி.டி.க்குப் பொதுவான வயது வரம்பு 23, உனக்கு 21, லேசர் வருஷக்கணக்கில் போகும் என்று மேலே எழுதியிருக்கிறார்கள், கணக்கை நீயே போட்டுக்கொள். அப்பா இந்த நினைப்பிலேயே இருக்கிறார் என்றால் அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது. உங்கள் அத்தானுக்கு இல்லை.

ஜங்ஷன் தம்பி, ரத்தம் கொடுக்கிற படிவத்தில் கேட்டதற்கு இல்லை என்று போட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். டாட்டூ குத்தினால் 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது இந்தியாவில் விதி, ஊசி வழியாக ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. வரலாம் என்பதால். டெஸ்ட் பண்ணுவார்கள்தான், ஆனால் தொற்றின புதிதில் டெஸ்டில் காட்டாது. எப்போது குத்தினீர்கள்?

ஜங்ஷன் சிங்கம்:

தோளில் இருப்பது தை மாதம். சத்தியமாக இந்த 12 மாதக் கதை தெரியாது அண்ணாச்சி. ரத்த வங்கி நம்பர் கார்டில் இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் வீட்டில் சொல்வது வேறு, அது வேறு. அதில் நான் மாறவில்லை.

கல்லிடை டீச்சர்:

அத்தானைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த மனுஷன் கையில் கிடைத்தால் காதைத் திருகி வாசலில் நிறுத்துவேன்.

தம்பி, உங்கள் அம்மா நேர்ந்தது உன் கைக்கு. அவள் முட்டி வலியோடு சுற்றி முடித்த பிறகு நீ போய் "குணமாயிட்டு" என்று சொன்னால், அதை அவள் உன்னோடு விட்டுவிடுவாள் என்று நினைக்கிறாயா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொல்வாள். தெருவில் எந்தப் பிள்ளைக்குச் சொறி வந்தாலும், எம்பிள்ளைக்கு அம்மன்தான் சரியாக்கினா என்று சொல்லி அனுப்புவாள். வருஷா வருஷம் தபசுக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு போவாள். நீ ஒரு தடவை சொன்ன பொய்யை அவள் ஆயுசு முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள், அது பொய் என்று தெரியாமல். யாருக்கும் நஷ்டமில்லையாம்! சங்கரன்கோவில் புற்றுமண்ணைத் தோல் வியாதிக்கு நம்பித்தான் இந்த ஜில்லா முழுக்க வாங்கிப் பூசுகிறது, பாம்பும் தேளுமாக உருவம் வாங்கி உண்டியலில் போடுகிறது. நம்பிக்கை இருப்பவன் இல்லாதவன் யாராக இருந்தாலும், அதில் கை வைத்து விளையாட வேண்டாம்.

குத்தினதைப் பற்றி எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் ஆச்சிக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை புள்ளியும் கோலமும், இடது கையில் ஒரு தேள். விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்களாம், ஆச்சி அழக் கூடாது என்று குத்துகிறவள் பாட்டுப் பாடினாளாம். நகைநட்டெல்லாம் இங்கேயே கிடக்கும், இது ஒன்றுதான் கூட வரும் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவாள். ஆம்பிளைகள் மட்டும் என்ன, எம்.ஜி.ஆர். கட்சிக்காரர்களைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்ன காலத்தில் கொடியும் இலையுமாகக் குத்தினவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள், அப்புறம் கட்சி மாறி அரைக்கைச் சட்டையை விட்டவர்களும் இருந்தார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் கையை நினைத்துப் பார், ஒன்றாவது இருக்கும். உன் அம்மாவுக்கு இது புதிதில்லை, கொஞ்சம் திட்டுவாள். கத்திரிக்காய்க்குத்தான் அதிகம் திட்டுவாள், அதற்கு மட்டும் தயாராக இரு.

எப்படிச் சொல்ல என்றால், போனில் வேண்டாம். அத்தான் மூலமாக வேண்டவே வேண்டாம், அவர் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார் என்பது உன் பொய்யைவிடப் பெரிதாக வெடிக்கும், அதை நீயே முந்திச் சொல்லிவிடு. ஊருக்குப் போ, அப்பா தோப்புக்குப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் முதலில் சொல். முன்னுரை எல்லாம் போடாதே, "அம்மா நான் ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது" என்று தொடங்கினால் எவளையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய் என்று நினைத்து நெஞ்சைப் பிடிப்பாள். சட்டையை மடக்கிக் கையைக் காட்டு, இது கரப்பான் இல்லை, பச்சை குத்தினது, பயந்துபோய் அலர்ஜி என்று சொல்லிவிட்டேன் என்று அவ்வளவுதான். ரூம் பையன்கள் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று அவர்கள் தலையில் போடாதே. நேர்ச்சையை என்ன செய்வது என்று நீ முடிவு பண்ணாதே, அது அவளுக்கும் அம்மனுக்கும் இருக்கிற கணக்கு, அவள் சொல்கிறபடி கேள்.

இந்த மாதத்துக்குள் போ. ஆடி பிறந்து அவள் விரதம் அது இதென்று ஆரம்பித்துவிட்டால் இன்னும் கஷ்டம்.

ஜங்ஷன் சிங்கம்:

டீச்சர், எங்கள் அம்மா இந்த மாதிரி எல்லாம் இல்லை. தெரிந்தால் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரையும் கூப்பிட்டு நடுவீட்டில் பஞ்சாயத்து வைப்பாள். எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்து எழுதாதீர்கள்.

கல்லிடை டீச்சர்:

சரிதான். உங்கள் அம்மா உங்கள் முதுகுக்காக எங்கேயும் நேர்ந்துகொள்ளவில்லையே. அந்த வித்தியாசத்துக்குத்தான் இவனைச் சொல்லச் சொல்கிறேன். நீங்கள் பனியனோடு குளித்துக்கொள்ளுங்கள்.

வாழைத்தார்:

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாரும் எழுதினதைப் பஸ்ஸில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே போனேன்.

அம்மா பின்வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னபடி முன்னுரை இல்லாமல் கையை நீட்டினேன். முதலில் நம்பவில்லை. முந்தானையை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை என்றதும் நகத்தால் சுரண்டினாள். "அப்போ கரப்பான் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "ஒண்ணும் இல்லையா? அரிக்கலியா?" இல்லை என்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டவள் அடுத்த நிமிஷம் சுளகைத் தூக்கி முதுகில் ஒன்று போட்டாள். உளுந்து முற்றமெல்லாம். அப்புறம் டீச்சர் சொன்ன அதே கத்திரிக்காய்தான். "உங்கப்பா சோத்துல கையை வச்சுக்கிட்டு என் முகத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாவ, நான் பாவி ரசத்தை ஊத்துவேன்" என்று சொல்லி அழுதாள். எவ்வளவு ரூபாய் கொடுத்தாய் என்று கேட்டாள், சொன்னேன், அதற்குத் தனியாக ஒரு அடி. கடைசியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னலே, வாழைப்பூவா?" என்றாள்.

நேர்ச்சையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "எம்பிள்ளை கை நல்லாருக்கணும்னு நேர்ந்தேன், கை நல்லாத்தானே இருக்கு, அப்போ சுத்தத்தான் வேணும்." முட்டி என்ன ஆகும் என்றால், பாதிக்கு மேல் முடியாவிட்டால் மிச்சத்தை நீ சுற்று என்கிறாள். கணக்கு அவளே வைத்துக்கொள்வாளாம், என்னை நம்ப மாட்டாளாம்.

அப்பாவிடம் அம்மாதான் சொன்னாள். அப்பா என்னிடம் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டார், தோப்புக்குப் போனார், வந்தார். பழைய பூட்ஸ் அண்ணாச்சி எழுதின விதியை ராத்திரி படித்துக் காட்டினேன், இடது கை வலது கை விஷயத்தை. ரொம்ப நேரம் கழித்து, "சல்யூட் அடிக்கிற கையா பாத்துக் குத்திருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னார், என்னிடம் இல்லை. நேற்றுப் போன் பண்ணி வாழை லோடு எத்தனை தார் போயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இன்னும் சரியாகவில்லை.

அத்தான் விஷயத்தையும் நானே சொல்லிவிட்டேன். அவரை அக்கா கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

மஞ்சணத்தி அக்கா, ஒரே ஒரு சந்தேகம். லேசர் செய்வதென்று முடிவு பண்ணிவிட்டேன், வேலையை விடவில்லை, அந்தப் பணத்தில்தான். தபசுக்கு முன்னால் ஆரம்பிக்கட்டுமா, முடித்துவிட்டா?

மஞ்சணத்தி:

முடித்துவிட்டு. வெயில் பட்டுக் கறுத்த தோலில் அடிக்க மாட்டார்கள், அடித்தால் வெளுத்துப்போகிற ஆபத்து அதிகம். அடித்த பிறகு கொப்புளத்தோடு தபசுக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு சுற்றவும் முடியாது. இப்போதிலிருந்தே அந்தக் கையை வெயிலில் காட்டாதே, முழுக்கைச் சட்டையை இனிமேல் அதற்குப் போட்டுக்கொள். வேலையில் கூலன்ட் படுகிற கை என்பதையும் டாக்டரிடம் சொல், ஆறுகிற வரைக்கும் அந்தக் கையில் அது படக் கூடாது, ஷிஃப்டை அதற்குத் தகுந்தாற்போல் கேட்டு வாங்கு.

வீட்டில் யாருக்காவது அடிபட்ட இடத்தில் தழும்பு தடித்து வளர்கிற உடம்பு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போ, அதுவும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். முதலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் மட்டும் அடித்துப் பார்க்கச் சொல், முழுக் கையையும் முதல் நாளே கொடுத்துவிடாதே. ஊசி சுத்தமான ஊசியா என்று அன்றைக்கு நீ பார்த்திருக்க மாட்டாய், அதனால் ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொள். ஆலோசனை மட்டும் என்றால் ஊருக்கு வரும்போது பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடு. அந்த ட்யூபையும் கையோடு கொண்டு போய்க் காட்டு, எவ்வளவு நாள் தடவினாய் என்று கேட்பார்கள்.